போனதும் எடுத்ததும்: கவலை தீர்க்கும் நூல்களோடு சில காலம்

எங்கள் வீட்டு அலுமாரியில் வாப்பா வாங்கி வைத்த புத்தகங்களில் பாதிக்கு மேல் 'எப்படி வாழ்வது' என்ற வகையைச் சேர்ந்தவை. தொண்டி எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் எழுதிய 'எண்ணமே வாழ்வு' அட்டை கிழிந்து, ஊசியால் தைக்கப்பட்டு இன்னும் இருக்கிறது. இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் தொகுத்த அந்தப் பெரியவர்தான் தமிழில் முன்னேற்ற நூல்களுக்கும் ஒரு முன்னோடி என்பதை இன்றைய வாசகர்களில் எத்தனை பேர் அறிவார்களோ தெரியாது. பக்கத்தில் டேல் கார்னகி. கவலையை நிறுத்துவது பற்றி அவர் 1948இல் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, 'இதெல்லாம் நம்மிடமே இருக்கிறதே' என்று எகிப்தின் ஷெய்க் முஹம்மத் அல்கஸ்ஸாலி 'ஜத்தித் ஹயாத்தக்' எழுதினார். பிறகு வந்தது ஆயிழ் அல்கர்னியின் 'லா தஹ்ஸன்'. மரண வீட்டுக்கும், வியாபாரம் நொடித்தவர் வீட்டுக்கும் இப்படிப்பட்ட ஒரு புத்தகத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் உண்டு. நானும் கொடுத்திருக்கிறேன்.

இந்த நூல்கள் சொல்வது நல்லதுதானா, எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் நல்லதுதானா என்ற கேள்வி எனக்கு வந்தது படிப்பால் அல்ல. கடையில் நின்றபோது வந்தது. அதை எழுதுவதற்கு முன் இவற்றின் மூல ஊற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டு பக்தாதில் வாழ்ந்தவர் அபூ யூஸுப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தி. 'அரபிகளின் தத்துவஞானி' என்பது அவருக்கு வழங்கிய பெயர். கணிதம், ஒளியியல், இசை, மருத்துவம் என்று அவர் கை வைக்காத துறை குறைவு. அவர் எழுதிய சிறியதொரு ரிஸாலா, 'அல்ஹீலா லி தஃப்இல் அஹ்ஸான்', அதாவது கவலைகளை விரட்டும் உபாயம். நண்பர் ஒருவர் கேட்டதற்குப் பதிலாக எழுதிய கடிதம் போன்றது. இன்று அச்சிட்டால் இருபது முப்பது பக்கம் வரும்.

கிந்தி முதலில் கவலை என்றால் என்ன என்று வரையறுக்கிறார். விரும்பிய பொருள் கைவிட்டுப் போவதாலோ, தேடிய பொருள் கிடைக்காததாலோ உள்ளத்தில் உண்டாகும் வலிதான் கவலை. நோய் என்னவென்று தெரிந்துவிட்டால் மருந்து தேடலாம் அல்லவா? இந்த உலகத்துப் பொருள் எதுவும் நிலைப்பதில்லை. நிலைக்காததை நிலைக்க வேண்டும் என்று ஆசைப்படுவது, இல்லாத ஒன்றை உண்டாக்கச் சொல்லிக் கேட்பது மாதிரி. ஆகவே அழியாத பொருளில், அறிவிலும் ஆன்மாவிலும், மனதை வை என்கிறார்.

இதைக் கதைகளாகவும் சொல்கிறார். மரணத் தறுவாயில் அலெக்ஸாந்தர் தன் தாய்க்குக் கடிதம் எழுதினாராம்: நான் இறந்த செய்தி வந்ததும் பெரிய விருந்து ஒன்று வையுங்கள், ஆனால் எந்தத் துன்பமும் தொடாதவர்கள் மட்டும் வரட்டும் என்று சொல்லி அழையுங்கள். விருந்து தயார், ஆள் ஒருவரும் வரவில்லை. தாய் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். இன்னொன்று நீரோ மன்னனுக்குக் கிடைத்த பளிங்குக் கூடாரம். சபையே வியந்து பார்க்கிறது. அங்கிருந்த ஞானி மட்டும், இது உங்கள் வறுமையை அல்லவா காட்டிக் கொடுத்திருக்கிறது, இது போனால் இன்னொன்று உங்களுக்குக் கிடைக்காதே என்கிறார். பிறகு அந்தக் கூடாரம் ஏற்றிய கப்பல் கடலில் மூழ்கியது.

எல்லாவற்றிலும் பெரிய உவமை கப்பல் உவமைதான். தாயகம் நோக்கிப் போகும் கப்பல் வழியில் ஒரு கரையில் நிற்கிறது. பயணிகள் இறங்குகிறார்கள். சிலர் வேலையை முடித்துக்கொண்டு உடனே திரும்பி, விசாலமான நல்ல இடங்களில் அமர்கிறார்கள். சிலர் பூவையும் காயையும் பார்த்து மயங்கி நின்றுவிட்டுத் தாமதமாக வருகிறார்கள். ஒடுக்கமான இடம்தான் மிச்சம். இன்னும் சிலர் கல், சிப்பி, பூ என்று சுமக்க முடியாமல் சுமந்து வருகிறார்கள். இடமில்லாமல் அதை மடியில் வைத்துக்கொண்டே போகிறார்கள். பூ வாடி அழுகி நாற்றம் எடுக்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் கடலில் வீச வேண்டியதாகிறது. வேறு சிலரோ காட்டுக்குள் தூரமாகப் போய்விடுகிறார்கள். கப்பல்காரர் கூப்பிட்டது அவர்கள் காதில் விழவே இல்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை வாசித்தவர்களுக்கு இது பழக்கமான கதையாக இருக்கும். இஹ்யாவில் உலகப் பற்றைக் கண்டிக்கும் பகுதியில் இமாம் இதே உவமையைக் கையாள்கிறார். பாரசீகத்தில் எழுதிய கீமியா ஸஆதத்திலும் வருகிறது. ஆனால் கிந்திக்கும் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதன் கருவை எபிக்டெட்டஸ் என்ற கிரேக்க ஞானியின் கைநூலில் காணலாம். அவர் ரோமாபுரியில் அடிமையாக இருந்தவர், கால் ஊனமானவர், பிறகு விடுதலையாகி ஆசிரியரானவர். சொந்தமாக ஒன்றும் எழுதவில்லை. மாணவர் ஆரியன் எழுதி வைத்ததுதான் நமக்குக் கிடைத்தது. ஓர் அடிமை சொன்ன சொல் பக்தாதுக்கு வந்து, தூஸ் நகரத்து இமாமின் பேனாவில் இறங்கி, அங்கிருந்து தமிழ் நூல்கள் வழியாக மஸ்கெலியா பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் வாப்பாவிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஞானம் முஃமினின் தொலைந்த பொருள் என்று பெரியவர்கள் சொல்வதை நினைத்துக்கொள்வேன்.

இதே ரிஸாலாவில் கிந்தி சொல்லும் இன்னொரு விஷயம் உண்டு. நம் கையில் இருப்பதெல்லாம் இரவல். தந்தவன் எப்போது வேண்டுமானாலும், யார் கையால் வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எதிரியின் கையால் வாங்கினாலும் வருந்தக் கூடாது. இரவலைத் திருப்பிக் கேட்க அவன் யாரை அனுப்பினால் உனக்கென்ன? எபிக்டெட்டஸும் ஏறத்தாழ இப்படியே சொல்கிறார். பறித்தவன் கெட்டவன்தானே என்று கேட்டால், கொடுத்தவன் யாரைக் கொண்டு திரும்பப் பெற்றால் என்ன என்பது அவர் பதில்.

முதலில் வாசித்தபோது இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதற்கு எங்கள் ஊரும் ஒரு காரணம். இன்று நாங்கள் இருக்கும் மஸ்கெலியா பழைய மஸ்கெலியா அல்ல. 1969இல் மவுஸ்ஸாகலை அணை கட்டி முடிந்தபோது பழைய பஸார் நீருக்குள் போனது. கடைகள், கோயில், பள்ளிவாசல், விகாரை, தெரு எல்லாம் போயின. மக்கள் மேட்டில் புது ஊர் போட்டார்கள். கடும் வரட்சி வந்து நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றுக்கு மேலே தலை காட்டும். ஹட்டனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் வேன் பிடித்துப் பார்க்க வருவார்கள், ஃபோட்டோ எடுப்பார்கள். மூத்தவர்கள் மட்டும் 'இதுதான் நம்ம கடை இருந்த இடம்' என்று விரல் நீட்டிக் காட்டிவிட்டுச் சும்மா நிற்பார்கள். இரவல், இரவல் என்று கிந்தி சொல்வதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்குமா? அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தால் பாவா ஆதம் மலை. சுவர்க்கத்தையே இழந்துவிட்டு வந்து இறங்கிய முதல் மனிதரின் பேரைச் சொல்லும் மலை.

இந்த மனநிலையில்தான் ஒருநாள் கடையில் இருந்தேன். எங்கள் கொப்பியில் பல வருஷமாகப் பற்று வைத்துச் சாமான் வாங்கும் தோட்டத்து அம்மா ஒருவர் வந்தார். அன்று கொழுந்து நிறுத்த இடத்தில் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக் கணக்கில் கழித்துவிட்டார்களாம். கழித்ததால் நிறை எட்டவில்லை, அரைப்பேர் போட்டுவிட்டார்கள். காலையிலிருந்து மழையில் நின்றவர். மாவும் பருப்பும் எழுதச் சொல்லிவிட்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் படித்த படிப்பெல்லாம் வாய்க்கு வந்தது.

"விடுங்கம்மா, போனது போச்சு. போனத நெனச்சிக் கவலப்பட்டா ஒடம்புதான் கெடும். பொறுமையா இருங்க."

அவர் கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போனா பரவால்ல நானா. போகலியே. எடுத்துட்டாங்கல்ல."

சாமானை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் பிறகு புத்தகம் ஓடவில்லை.

போவது வேறு, எடுப்பது வேறு. கிந்தியின் வரையறையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், இழப்பு. மரணம், வெள்ளம், நோய், முதுமை இவையெல்லாம் போவது. இவற்றுக்கு கிந்தியின் மருந்து உண்மையிலேயே மருந்து. என் உம்மா மவுத்தான காலத்தில் என்னை எழுப்பி நிறுத்தியதில் அந்த ரிஸாலாவுக்கும் பங்கு உண்டு. ஆனால் நாலு கிலோக் கொழுந்தை ஒருவர் கழித்தார் என்றால் அங்கே எடுத்த கை ஒன்று இருக்கிறது. அந்தக் கையை 'இரவலைத் திருப்பி வாங்க வந்த ஆள்' என்று சொல்லிவிட்டால் கள்வனுக்கும் தூதருக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

இங்கே யார் யாருக்குச் சொல்கிறார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்துகொண்டு, என் உடம்பை நீ கட்டலாம், என் விருப்பத்தைக் கட்ட முடியாது என்ற பாணியில் பேசும்போது அதில் ஒரு வீரம் இருக்கிறது. அவருடைய பேச்சுக்களைப் படித்து வளர்ந்த மாக்கஸ் ஒரேலியஸ் ரோமாபுரியின் சக்கரவர்த்தி. அவர் தனக்குத்தானே அதே புத்தியைச் சொல்லிக்கொண்டபோது அது அதிகாரத்துக்குப் போட்ட கடிவாளம். ஆனால் எஜமான் அடிமையைப் பார்த்து, துரை தொழிலாளியைப் பார்த்து, அல்லது கடன் கொப்பியை மடியில் வைத்திருக்கும் கடைக்காரன் கடன்காரியைப் பார்த்து அதையே சொன்னால்? சொல் ஒன்றுதான். அன்று நான் இருந்தது மூன்றாவது இடத்தில்.

பொறுமை என்ற சொல்லை இந்த மலைநாட்டில் கேட்டவர்கள் அளவுக்கு வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1948இல் பிரஜாவுரிமை பறிபோனபோதும் அதுதான் சொல்லப்பட்டது. 1964இல் இரண்டு பிரதமர்கள் ஒப்பந்தம் செய்து ஐந்தேகால் லட்சம் பேர் அந்தப் பக்கம், மூன்று லட்சம் பேர் இந்தப் பக்கம் என்று பங்கு போட்டபோதும் அதுதான். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வருஷக்கணக்கான கூச்சலுக்குப் பிறகு 2021இல்தான் வர்த்தமானியில் ஏறியது. எங்கள் பழைய ஊரை மூழ்கடித்த நீர் மின்சாரமானது. சுற்றியிருந்த எத்தனையோ லயங்களில் அதற்குப் பிறகும் பல காலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது.

அப்படியானால் ஸப்ர் என்பது ஏழைகளை அடக்கி வைக்கும் சாமானா? அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் இஹ்யாவை மறுபடி எடுத்தேன். இஹ்யா உலூமித்தீன் நாற்பது நூல்கள் கொண்ட பெருந்தொகுதி. அப்துல் வஹ்ஹாப் பாகவி போன்றோரின் உழைப்பால் அதன் பகுதிகள் தமிழிலும் கிடைக்கின்றன. நான்காவது பாகத்தில் 'ஸப்ரும் ஷுக்ரும்' என்ற நூல் வருகிறது. பலர் அதிலிருந்து பொறுமையின் சிறப்புகளை எடுத்து பயான் செய்வார்கள். அதே நூலில் இமாம் ஸப்ரைச் சட்டக் கண்ணால் பிரித்து வைக்கும் இடத்துக்கு அவ்வளவாக யாரும் வருவதில்லை.

எல்லா ஸப்ரும் நல்லதல்ல என்பது இமாமின் முடிவு. பர்ளான ஸப்ர் உண்டு, ஸுன்னத்தானது உண்டு, மக்ரூஹ் உண்டு, ஹராமானதும் உண்டு. தடுக்கப்பட்ட காரியங்களிலிருந்து தன்னைப் பிடித்து வைப்பது பர்ள். எது ஹராம்? செய்யக் கூடாத ஒரு தீங்கை ஒருவன் நமக்குச் செய்யும்போது பேசாமல் பொறுத்திருப்பது. இமாம் தரும் உதாரணம் கடுமையானது. ஒருவனுடைய கையையோ அவன் பிள்ளையின் கையையோ வெட்டுகிறார்கள், அவன் வாய் திறக்காமல் பொறுமையாக இருக்கிறான் என்றால் அந்தப் பொறுமை விலக்கப்பட்டது. பொறுமையைப் பொறுமை என்பதற்காகவே புகழக் கூடாது, ஷரீஅத்தை உரைகல்லாக வைத்து உரசிப் பார்க்க வேண்டும் என்பது இதன் கருத்து. தவக்குல் பற்றிய நூலிலும் இதே கண்டிப்பு உண்டு. பசித்தவன் முன்னால் சோறு இருக்க, நான் அல்லாஹ்வின் மேல் பாரம் போட்டிருக்கிறேன் என்று கையை நீட்டாமல் இருந்தால் அது தவக்குல் அல்ல, பைத்தியம் என்கிறார்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம். இஹ்யா எழுதிய அதே பேனாதான் நம் ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹில் 'அல்வஜீஸ்' எழுதியது. பிக்ஹ் நூல்களில் கஸ்ப் என்று ஒரு பாடம் வரும், பிறர் பொருளை அநியாயமாகக் கைப்பற்றுவது பற்றி. எடுத்த பொருள் இருந்தால் அதையே திருப்பிக் கொடு. இல்லையென்றால் அதைப் போன்றதைக் கொடு. அதுவும் முடியாதென்றால் பெறுமதியைக் கொடு. பறிகொடுத்தவர் உள்ளத்தில் எவ்வளவு ஸப்ர் வைத்திருந்தாலும் எடுத்தவன் மேலுள்ள பொறுப்பு ஓர் இம்மி குறையாது. மன்னித்துவிட்டேன் என்று பறிகொடுத்தவர் வாயால் வர வேண்டும். கிந்தியின் ரிஸாலாவுக்குப் பக்கத்தில் கஸ்ப் பாடத்தையும் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்று இழந்தவரின் உள்ளத்தோடு பேசுகிறது. மற்றது எடுத்தவனின் கையைப் பிடிக்கிறது. முதலாவதை மட்டும் அச்சிட்டு மரண வீட்டிலும் தோட்டத்திலும் ஒரே மாதிரி விநியோகித்ததுதான் நம் தவறு.

இமாமுக்கே பறிகொடுத்த அனுபவம் உண்டு. இளமையில் ஜுர்ஜானில் படித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் கள்வர்கள் அவருடைய பாடக் குறிப்புகள் இருந்த பையையும் தூக்கிக்கொண்டார்கள். அவர் பின்னாலேயே ஓடினார். இது உங்களுக்கு உதவாது, தந்துவிடுங்கள் என்று கெஞ்சினார். கள்வர் தலைவன் சிரித்து, பை போனதும் போய்விடுகிற அறிவு என்ன அறிவு என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். இமாம் அதன்பின் மூன்று வருஷம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மனனம் செய்தார் என்பது வரலாறு. நம் உஸ்தாத்மார் சொல்லும்போது மனனத்தின் சிறப்போடு கதை முடிந்துவிடும். அவர் கள்வர்களுக்குப் பின்னால் ஓடினார் என்பதுதான் இப்போது என் கண்ணில் படுகிறது. கிந்திக்கும் இப்படி நடந்தது. அரசவையில் செல்வாக்குள்ள பனூ மூஸா சகோதரர்களின் சூழ்ச்சியால் அவருடைய நூலகமே பறிமுதலானது, பிறகு திரும்பக் கிடைத்தது என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இரவல்தானே என்று அந்த நூலகத்தை அப்படியே அவர்களிடம் விட்டு வைக்கவில்லை.

கிந்தியின் முழுப் பெயரை மேலே எழுதியபோது கவனித்தீர்களா? யஃகூப், தகப்பன் பெயர் இஸ்ஹாக், குன்யத் அபூ யூஸுப். கவலைக்கு மருந்து எழுதியவரின் பெயர், கவலையால் கண் வெளுத்துப்போன நபியின் பெயரும் வம்சமும்தான். சூரா யூஸுபில் 18ஆம் வசனத்திலும் 83ஆம் வசனத்திலும் அழகிய பொறுமையைச் சொல்லும் அதே யஃகூப் (அலை) அவர்கள், 84ஆம் வசனத்தில் துயரத்தால் கண்கள் வெளுத்துப்போய் நிற்கிறார்கள். 87ஆம் வசனத்தில் பிள்ளைகளைப் பார்த்து, போய் யூஸுபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள், நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அனுப்புகிறார்கள். யூஸுப் (அலை) போனவர் அல்ல, எடுக்கப்பட்டவர். தகப்பன் அழுதார்கள், பொறுத்தார்கள், தேடவும் ஆள் அனுப்பினார்கள். மூன்றும் ஒரே மனிதரிடம் இருந்தன.

சில வாரம் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். அவரும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து, நிறுக்கிற இடத்தில் எவ்வளவு கழித்தார்கள் என்பதைத் தினமும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கொண்டு எழுதி வைக்கிறார்களாம். அதற்கு ஒரு கொப்பி வேண்டும் என்றார். எண்பது பக்கக் கொப்பி ஒன்று எடுத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றதற்கு, பற்றில் எழுதச் சொன்னார்.

எழுதுவதற்காக எங்கள் கடன் கொப்பியைத் திறந்தேன். அவருடைய பக்கம் வாப்பாவின் கையெழுத்தில் தொடங்கி என்னுடைய கையெழுத்தில் முடிகிறது. அல்பகரா 280ஆம் வசனம் பொறுத்திருக்கச் சொல்வது கடன் வாங்கியவரை அல்ல, கொடுத்தவரை. அவருக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடு, விட்டுவிட்டால் உனக்கு இன்னும் நல்லது என்கிறது அது. இத்தனை வருஷம் அந்தக் கொப்பியைப் புரட்டியும் அந்த வசனத்தை நான் இந்தப் பக்கத்திலிருந்து படித்ததில்லை. இரண்டு இடங்களில் கூட்டல் பிழை இருந்தது, இரண்டும் கடைக்குச் சாதகமாக. அவர் முன்னாலேயே திருத்தி, புது மொத்தத்தை வாசித்துக் காட்டினேன்.

"மறுபடி ஒருக்கா வாசிங்க நானா" என்றார். வாசித்தேன். அவர் விரல் மடித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.